விளையாட்டில் அடிபட்டால்: சேலத்து மைதான ஓரத்தில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

சேலத்தில் இயன்முறை மருத்துவராக வேலை பார்க்கும் நான், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் காந்தி ஸ்டேடியத்தின் ஓரத்திலும், பொங்கலை ஒட்டிய நாள்களில் ஓமலூர், வாழப்பாடிப் பக்கத்துக் கபடிப் போட்டிகளிலும் முதலுதவிப் பையோடு உட்காருவது வழக்கம். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஆகவே, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை எழுதி, விளையாட்டுக் காயங்களைப் பற்றிய ஆய்வுகள் சொல்வதையும் நான் கண்டதையும் பதிலாகச் சேர்த்திருக்கிறேன். நேரில் தொட்டுப் பார்த்துச் செய்யும் பரிசோதனைக்கு இது ஈடாகாது.

நரம்பு புரண்டுடுச்சுங்கிறாங்க. அப்படின்னா என்னங்க?

நம் ஊரில் கணுக்கால் மடங்கினாலும் இடுப்பு பிடித்தாலும் கெண்டைக்கால் இழுத்தாலும் பழி நரம்பின் மீதே விழுகிறது. உண்மையில், மூளைக்கும் தசைக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் நரம்புக்கு இவற்றில் பெரும்பாலானவற்றோடு தொடர்பே இல்லை. மூட்டில் எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருப்பது இணைப்புநார். அது இழுபடுவதோ கிழிவதோதான் சுளுக்கு. தசையை எலும்போடு சேர்ப்பது தசைநாண். குதிகாலுக்கு மேலே விரலால் பிடித்துப் பார்த்தால் கயிறு போலத் தட்டுப்படுவது அதுதான். 'ஜவ்வு' என்று மக்கள் சொல்வது சில சமயம் முட்டியின் இணைப்புநாரையும், சில சமயம் முட்டிக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு வட்டையும் குறிக்கிறது.

பெயரில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. தசையில் ஏற்படும் சிறு கிழிவு இரண்டு மூன்று வாரங்களில் ஆறிவிடலாம். இணைப்புநார் உறுதிப்பட அதைவிட அதிக நாள் ஆகும். தசைநாண் கெட்டால் மாதக்கணக்கு. எது பழுதானது என்று தெரியாமல் எத்தனை நாளில் சரியாகும் என்று யாராலும் சொல்ல இயலாது.

அடிபட்டவுடனே ஐஸ் வைக்கணுமா? இப்ப வைக்கக் கூடாதுன்னும் சொல்றாங்களே?

இரண்டு பேச்சும் ஒரே மனிதரிடமிருந்து வந்தவை. ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கக் கட்டு, உயர்த்தி வைத்தல் ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகளையும் சேர்த்து 'ரைஸ்' என்ற சொல்லை 1978-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். அவரே 2014-இல், பனிக்கட்டியும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதித் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். அடிபட்ட இடத்தில் உண்டாகும் அழற்சி, சிதைந்த திசுவை அகற்றிப் புதியதைக் கட்டும் வேலையின் முதல் கட்டம் என்பது தெளிவானதே திருத்தத்துக்குக் காரணம்.

எனவே பனிக்கட்டியை வலி தணிக்கும் பொருளாக மட்டும் கருதுவது நல்லது. வலி மிகுதியாக இருந்தால் முதல் நாளில் துணியில் சுற்றி, ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் வைக்கலாம்; கடையில் வாங்கிய கட்டியை நேரே தோலில் அழுத்தி, தீப்புண் போலக் கொப்புளத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கிரேப் பேண்டேஜை விரல் பக்கத்திலிருந்து மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே அவிழ்த்துவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் கழிந்ததும் வலி இடம் கொடுக்கும் அளவுக்கு மூட்டை அசைக்கத் தொடங்குவது, கட்டிலிலேயே கிடப்பதைவிடப் பலன் தருகிறது.

சுளுக்கு எடுக்கிறவர் பக்கத்துத் தெருவுலயே இருக்காரு. எண்ணெய் போட்டு நீவிக்கலாமா?

அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள்களில் வேண்டாம். உள்ளே சிறு இரத்தக் குழாய்கள் அறுந்திருக்கும் நேரத்தில் அழுத்தி நீவினால் கசிவு கூடும். தொடையில் பலமாக மோதுபட்ட தசையை அப்படி உருவினால், தசைக்குள் எலும்பு போன்ற கட்டி படியும் தொல்லையும் சிலருக்கு வருவதுண்டு. வீக்கம் வடிந்து பல நாள் கழித்து இறுகிக் கிடக்கும் தசையை இதமாக நீவுவதில் எனக்கு மறுப்பில்லை.

மூங்கில் பட்டையும் பச்சிலையும் வைத்து இறுக்கிக் கட்டும் கட்டுதான் என்னை அஞ்ச வைக்கிறது. வீக்கம் ஏறிக்கொண்டிருக்கும் கையிலோ காலிலோ அசையாத இறுக்கக் கட்டு போட்டால், உள்ளழுத்தம் கூடி இரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்கும். கட்டு எங்கே போட்டதாயினும், அது மாவுக்கட்டாகவே இருந்தாலும், நேரம் ஆக ஆக வலி ஏறிக்கொண்டே போய், விரலை நீட்டிவிட்டாலே தாங்க முடியவில்லை என்றால் அன்றிரவே கட்டைத் தளர்த்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கணுக்கால் வீங்கியிருக்கு. எக்ஸ்ரே எடுத்தே ஆகணுமா?

வீக்கத்தின் அளவை வைத்து முடிவு செய்ய வேண்டியதில்லை. கனடாவின் ஒட்டாவாவில் 1992-இல் வெளியான எளிய விதிகள் இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றன. கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்புகளின் பின்விளிம்பில், நுனியிலிருந்து 6 சென்டிமீட்டர் மேல்வரை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். எலும்பின் மீதே வலித்தால் படம் எடுக்க வேண்டும். பாதத்தின் வெளி விளிம்பில் சுண்டுவிரல் எலும்பு தொடங்கும் மேட்டிலும், உள்பக்க வளைவின் மேலுள்ள எலும்பிலும் இதே கணக்கு. அடிபட்டவுடனும் பரிசோதனையின்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலும் படம் தேவை.

இவற்றில் எதுவுமே இல்லையென்றால் எலும்பு முறிந்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. நொண்டிக்கொண்டாவது நான்கு அடி வைப்பது நடந்ததாகவே கணக்கு. போதையில் இருப்பவருக்கும், பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிக்கும் இந்த விதியை நம்பக் கூடாது.

ஓடறதுக்கு முன்னாடி காலை நீட்டி மடக்கி ஸ்ட்ரெச்சிங் பண்ணினா அடிபடாதுல்ல?

என் பள்ளி நாள்களில் நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். வட்டமாக நின்று, பயிற்சியாளர் பத்து வரை எண்ண, காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் 1,538 இராணுவப் புதுப்படையினரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மட்டும் ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் தசைகளை நீட்ட வைத்துப் பார்த்த ஆய்வு 2000-இல் வெளியாயிற்று. காயங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. 26,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் வந்த தொகுப்பாய்வும் அதையே சொன்னது. தசை வலுப் பயிற்சியோ காயங்களை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்திருந்தது.

நீட்டிப் பிடிப்பதால் தீங்கு என்று சொல்ல வரவில்லை. உடல் வளைந்து கொடுக்க வேண்டிய சிலம்பத்துக்கும் ஜிம்னாஸ்டிக்ஸுக்கும் அது அவசியமே. போட்டிக்கு முந்தைய இருபது நிமிடத்தை அதற்கே செலவழிப்பதுதான் வீண்.

அப்ப அந்த இருபது நிமிஷத்துல என்னதான் பண்றது?

கால்பந்துக்காக ஃபிஃபா உருவாக்கிய '11 பிளஸ்' என்ற பயிற்சித் தொகுப்பு இதற்காகவே இருக்கிறது. மெதுவான ஓட்டம் எட்டு நிமிடம், வலுவும் சமநிலையும் குதித்து இறங்கும் முறையும் பத்து நிமிடம், வேக ஓட்டம் இரண்டு நிமிடம். பந்தும் கூம்புகளும் தவிர வேறு கருவி வேண்டியதில்லை. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள ஏறத்தாழ 1,900 பெண் பிள்ளைகளிடம் நடந்த சோதனை 2008-இல் வெளிவந்தது. மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாயின.

இதன் உயிர் குதித்து இறங்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு வாலிபால் பெண்ணை பெஞ்சின் மேலிருந்து குதிக்கச் சொல்லி எதிரே குந்தியிருந்து பாருங்கள். தரையைத் தொடும் கணத்தில் இரண்டு முட்டிகளும் ஒன்றையொன்று முத்தமிடப் போவது போல உள்ளே சாய்ந்தால், அந்த முட்டிக்குள் இணைப்புநார் முறுக்கப்படுகிறது. முட்டி கால் விரல்களுக்கு நேராக இருக்கும்படி, சத்தம் கேட்காமல் இறங்கப் பழக்க வேண்டும். "பூனை மாதிரி இறங்கு" என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரிகிறது.

வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது விடாமல் செய்த அணிகளுக்கே பலன் கிடைத்தது. மாவட்டப் போட்டிக்கு முந்தைய வாரத்தில் மட்டும் செய்வது கணக்கில் வராது.

வேகமா ஓடும்போது பின்தொடை பிடிச்சுக்குது. ஆறுது, மறுபடி பிடிக்குது. ஏன்?

கால் முன்னே வீசப்படும் கடைசிக் கணத்தில் அதை இழுத்து நிறுத்துவது பின்தொடைத் தசை. நீண்டுகொண்டே போகும்போது பலம் காட்ட வேண்டிய வேலை அது. அதற்குப் பழகாத தசை அங்கேதான் கிழிகிறது. ஒரு முறை கிழிந்த இடத்தில் மீண்டும் கிழிவதற்கான வாய்ப்பு அதிகம் என்பதால், ஓய்வெடுத்துவிட்டு நேரே ஓட்டத்துக்குப் போகிறவர் அதே வாசலுக்குத் திரும்பி வருகிறார்.

முட்டி போட்டு நில்லுங்கள்; நண்பர் ஒருவர் உங்கள் இரு கணுக்கால்களையும் தரையோடு அழுத்திப் பிடிக்கட்டும். இடுப்பை மடக்காமல், முட்டியிலிருந்து தலைவரை ஒரே பலகையாக, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னே சாயுங்கள். தாங்க முடியாத இடத்தில் கைகளை ஊன்றி விழலாம். 'நார்டிக்' பயிற்சி என்பது இவ்வளவே. டென்மார்க்கில் 942 கால்பந்து வீரர்களிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் புதிய பின்தொடைக் காயங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. பழைய காயம் திரும்புவது அதைவிடவும் குறைந்தது. முதல் வாரம் ஒரே நாள், ஐந்து ஐந்தாக இரண்டு சுற்று போதும். ஆர்வத்தில் முதல் நாளே முப்பது செய்தால் மறுநாள் மாடிப்படி இறங்க முடியாது.

போலீஸ் தேர்வுக்கு ஓடறேன். கணைக்கால் எலும்புல வலி உயிர் போகுது. ஓடியே சரி பண்ணிடலாமா?

எழுத்துத் தேர்வு முடிவு வந்த மறுநாள் காலையில் மைதானத்தில் கூட்டம் இரட்டிப்பாகும். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்பதால், ஆறு மாதம் மேசை முன் உட்கார்ந்திருந்த இளைஞர் முதல் வாரத்திலேயே தினமும் முழுத் தூரத்தையும் முழு வேகத்தில் ஓடுகிறார். மூச்சும் இதயமும் சில வாரங்களில் தேறிவிடுகின்றன. எலும்பு அவ்வளவு விரைவாகத் தேறுவதில்லை. சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும்போது எலும்பு முதலில் பழையதைக் கரைத்து, அதன் பின்பே புதியதைப் படிய வைக்கிறது. இடைப்பட்ட வாரங்களில் அது முன்பைவிடச் சற்று வலுக் குறைந்தே இருக்கும்.

கணைக்காலின் உள்விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். நான்கைந்து விரற்கடை நீளத்துக்கு மேல் பரவலாக வலித்தால் அது எலும்புறையைச் சார்ந்த எரிச்சலாக இருக்கலாம். தூரத்தையும் வேகத்தையும் குறைத்து, கெண்டைக்கால் தசையை வலுப்படுத்தினால் அடங்கும். காசளவு இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்து, இரவில் படுத்திருக்கும்போதும் தெரிந்து, ஒற்றைக் காலில் குதித்தால் தாங்க முடியவில்லை என்றால் மயிரிழை முறிவை ஐயப்பட வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம்; "படத்துல ஒண்ணுமில்ல" என்று ஓடப் போனவர்கள் எலும்பு முழுதாக முறிந்து திரும்புவது இப்படித்தான்.

வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல கூட்டாம ஓடினா ஒண்ணும் ஆகாதுங்கிறாங்களே?

நெதர்லாந்தில் புதிதாக ஓடத் தொடங்கிய 532 பேரைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். மெதுவாகக் கூட்டிய பிரிவிலும் வழக்கமான பிரிவிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் காயம் வந்தது. பத்து என்ற எண்ணில் மந்திரம் ஏதுமில்லை. திடீர் ஏற்றம் ஆபத்து என்பதற்கு மற்ற விளையாட்டுகளில் சான்றுகள் இருக்கின்றன. ஆனால் எல்லோருக்கும் பொருந்தும் ஒற்றை எண் கிடைக்கவில்லை. முந்தைய நாள் ஓட்டத்தின் வலி மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டதா என்று பார்ப்பது, சதவீதக் கணக்கைவிட எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

ஏற்காட்டு மலையில ஓடினா கென்யாக்காரங்க மாதிரி மூச்சு வருமா?

உயரத்தால் இரத்தச் சிவப்பணு கூட வேண்டுமானால் வழக்கமாக 2,000 மீட்டருக்கும் மேல் வாரக்கணக்கில் தங்க வேண்டும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர்தான். ஞாயிறு காலை போய் மதியம் திரும்புகிறவருக்கு அதுவும் பொருட்டல்ல. அங்கே உண்மையாகக் கிடைப்பவை குளிர்ச்சியும் ஏற்றமும். கத்திரி வெயில் காலத்தில் கீழே செய்ய முடியாத நீண்ட பயிற்சியை மேலே செய்யலாம். ஏற்றத்தில் வேகம் குறைவதால் கால் தரையில் மோதும் அதிர்ச்சியும் குறைகிறது.

தொல்லை இறக்கத்தில்தான். அடிவாரம் வரை இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஓடியே இறங்குவதைச் சிலர் வீரமாகக் கருதுகிறார்கள். ஒவ்வோர் அடியிலும் முன்தொடை, நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. முன்பு பின்தொடைக்குச் சொன்ன அதே வகைச் சுமை, ஆயிரக்கணக்கான தடவை. வலி அன்று தெரியாது. இரண்டாம் நாள் உச்சத்துக்கு வரும். சிறு இறக்கங்களில் தொடங்கிச் சில வாரங்கள் பழகினால் தசை வியக்கத்தக்க வகையில் தாங்கக் கற்றுக்கொள்கிறது. ஆனால் ஓடிய மறுநாள் சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் தாமதிக்கக் கூடாது. சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள்.

வெயில்ல ஓடி விழுந்துட்டான். தண்ணி தெளிச்சு, 108-க்கு போன் பண்ணிட்டுக் காத்திருந்தா போதுமா?

விழுந்தவர் தெளிவாகப் பேசினால் நிழல், தண்ணீர், காலை உயர்த்தி வைத்தல் ஆகியவை பெரும்பாலும் போதும். உளறினால், யாரென்று அடையாளம் தெரியாமல் முரண்டு பிடித்தால், நினைவு தப்பினால், அது வெப்பத்தாக்கு; உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கக்கூடும். அப்போது விதி ஒன்றே: முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகே ஏற்றிச் செல்ல வேண்டும். அரை மணி நேரத்துக்குள் வெப்பத்தை இறக்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஒரு தார்ப்பாயை நான்கு பேர் தொட்டில் போலத் தூக்கிப் பிடித்து, உள்ளே அவரைக் கிடத்தி, கழுத்துவரை தண்ணீரும் பனிக்கட்டியும் ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருக்கலாம். ஐஸ் பெட்டியும் தார்ப்பாயும் இல்லாமல் சித்திரை வைகாசியில் போட்டி நடத்துவோர் எத்தனை பெரிய கோப்பை வைத்தாலும் எனக்கு உடன்பாடில்லை.

புதிதாக வெயிலில் இறங்குகிறவருக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். தாகத்துக்கு மிஞ்சிக் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு நீர்த்துப் போனாலும் மயக்கம் வரும்.

வெறுங்காலா, ஷூவா? மண்ணா, மேட்டா?

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திடீரெனத் தாவுவதே பெரும்பாலும் சிக்கலாகிறது. ஊர் மண்ணில் வெறுங்காலோடு ஆடிய கபடிப் பையன், மாவட்டத் தேர்வில் முதன்முறையாக 'மேட்' எனப்படும் ரப்பர் விரிப்பில் ஷூ போட்டு ஆடும்போது, மண்ணில் வழுக்கிவிட்ட கால் இங்கே பிடித்துக்கொள்கிறது. உடல் திரும்புகிறது, முட்டி திரும்புவதில்லை. குறைந்தது சில வாரமாவது முன்கூட்டி அந்த விரிப்பில் பழக்க வேண்டும்.

பையன் வேகப்பந்து வீசறான். இடுப்புல ஒரு பக்கம் மட்டும் வலி. வளர்ற வயசு வலிதானே?

பதினைந்து வயதுப் பந்துவீச்சாளருக்கு, வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் கீழ் முதுகு வலித்து, பின்னால் வளைந்தால் கூடுகிறதென்றால், அதை வளர்கிற வலி என்று தள்ளிவிடக் கூடாது. பந்தை விடும் நொடியில் முதுகெலும்பு பின்னும் பக்கவாட்டிலும் ஒருசேர வளைந்து முறுக்கப்படுவதால், கீழ் முள்ளெலும்புகளின் மெல்லிய வளைவில் மயிரிழை முறிவு உண்டாகிறது. விரிசல் விழுமுன்பே எலும்புக்குள் நீர் கோத்திருப்பதை எம்.ஆர்.ஐ. காட்டிவிடும், அந்தக் கட்டத்தில் பந்துவீச்சை நிறுத்தினால் முறிவாக முற்றாமல் தடுக்க முடியும்.

சின்னப்பம்பட்டி நடராஜனைப் பார்த்துப் பந்தைக் கையிலெடுத்த பிள்ளைகள் இங்கே ஏராளம். அவர் 2021-இல் முட்டியில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு அந்த ஐ.பி.எல். பருவத்தின் பெரும்பகுதியை விட்டுவிட்டு, 2022-இல் திரும்பி வந்ததையும் அவர்களிடம் சொல்ல வேண்டும். பள்ளி அணி, கிளப் அணி, ஞாயிறு டென்னிஸ் பந்துப் போட்டி என்று மூன்று இடத்தில் வீசும் பையனின் மொத்தப் பந்துகளை ஒருவரும் எண்ணுவதில்லை. எண்ண வேண்டியவர் பெற்றோர்தான்.

பொண்ணு நல்லா ஓடறா. மூணு மாசமா தலைக்கு ஊத்தல. ஓட்டக்காரிக்கு அது சகஜம்னு சொல்றாங்க.

சகஜமில்லை. செலவாகும் ஆற்றலுக்கு ஈடான உணவு கிடைக்காதபோது உடல் முதலில் நிறுத்தி வைக்கும் வேலைகளில் மாதவிலக்கும் ஒன்று. அதோடு எலும்பின் அடர்த்தியும் குறையும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இதற்குத் தனிப் பெயரே கொடுத்து, ஆண்களுக்கும் இந்த ஆற்றல் பற்றாக்குறை உண்டு என்று விளக்கியது. அடிக்கடி மயிரிழை முறிவு வரும் பெண்ணிடம் நான் முதலில் கேட்பது காலைப் பற்றியல்ல, காலையில் என்ன சாப்பிட்டாள் என்பதையே. நான்கரை மணிக்கு எழுந்து, ஒரு டம்ளர் காபியோடு ஓடிவிட்டு, அப்படியே பள்ளிப் பேருந்தில் ஏறும் பிள்ளைகள் பலர். பயிற்சி முடிந்த அரை மணிக்குள் முட்டையோ சுண்டலோ வாழைப்பழமோ கையில் இருக்க வேண்டும். மகப்பேறு மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

முட்டி ஜவ்வு கிழிஞ்சிடுச்சு. ஆபரேஷன் பண்ணலன்னா வாழ்க்கையே போச்சுங்கிறாங்க.

ஏ.சி.எல். எனப்படும் முன் குறுக்கு இணைப்புநார் கிழிந்த 121 இளவயதினரை ஸ்வீடனில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உடனே அறுவை. மற்றொரு பிரிவுக்கு முதலில் முறையான பயிற்சி, முட்டி நிலைகொள்ளாவிட்டால் மட்டும் பின்னர் அறுவை. 2010-இல் வெளியான இரண்டாண்டு முடிவில் இரு பிரிவினரின் முட்டி நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஐந்தாண்டு கழித்தும் இரண்டாம் பிரிவில் ஏறக்குறைய பாதிப் பேர் அறுவையே இல்லாமல் இருந்தார்கள்.

ஆயினும் கபடி, கால்பந்து போல வெட்டித் திரும்பும் ஆட்டத்துக்கு மீள விரும்புகிறவருக்கும், நடக்கும்போதே முட்டி நழுவுகிறவருக்கும், குருத்தெலும்பு வட்டும் சேர்ந்து கிழிந்து பூட்டிக்கொள்கிறவருக்கும் அறுவை பெரும்பாலும் வேண்டியிருக்கும். அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும் மாதக்கணக்கான பயிற்சி தப்பாது. பணத்தைப் புரட்டி அறுவைக்குக் கட்டிவிட்டு, பயிற்சிக்கு ஆறாவது வாரத்தோடு வருவதை நிறுத்திவிடும் குடும்பங்களே இங்கே அதிகம்.

வலி சுத்தமா போயிடுச்சு. இப்ப இறங்கலாம்ல?

வலி அடங்குவது முதலிலும், வலு திரும்புவது நெடுநாள் கழித்தும் நடக்கும். ஏ.சி.எல். அறுவைக்குப் பிறகு திரும்பியவர்களை நார்வேயில் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதம் வரை, தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. நாள்காட்டி மட்டும் போதாது. ஒற்றைக் காலால் தாவும் தூரமும் முன்தொடையின் வலுவும் நல்ல காலோடு ஒப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறாவது இருக்க வேண்டும்.

சாதாரணக் கணுக்கால் சுளுக்குக்கு நான் வைக்கும் தேர்வு எளிது. சுவரை ஒரு விரலால் மட்டும் தொட்டபடி, ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்க வேண்டும். நல்ல கால் இருபத்தைந்து முறை செய்தால் அடிபட்ட காலும் அதை ஒட்டி வர வேண்டும். பிறகு கண்ணை மூடி அதே காலில் நிற்க வேண்டும். தேறாதவர் எவ்வளவு கெஞ்சினாலும் நான் கையெழுத்துப் போடுவதில்லை. தேறியவரும் அந்தப் பருவம் முழுக்கக் கணுக்காலுக்கு டேப்போ பிரேஸோ அணிந்து ஆடுவது நல்லது. மீண்டும் மடங்குவதை அது கணிசமாகக் குறைக்கிறது.

தலையில முட்டிக்கிட்டான். மயக்கம் போடல. ஆட விடலாமா?

விடக் கூடாது. மூளையதிர்ச்சி வந்தவர்களில் பெரும்பாலோர் மயங்குவதே இல்லை. கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது, எதிரணி யாரென்று மறப்பது, தள்ளாடுவது, தலைவலி, வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், ஏன், ஐயம் இருந்தாலே, அன்றைய ஆட்டம் அவ்வளவுதான். வாந்தி தொடர்ந்தாலோ, தூக்கக் கலக்கம் கூடினாலோ, வலிப்பு வந்தாலோ உடனே மருத்துவமனை. இருட்டறையில் நாள்கணக்கில் படுக்க வைக்கும் பழைய முறையும் மாறிவிட்டது. 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வல்லுநர்கள், ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் மெல்ல நடக்கத் தொடங்கலாம் என்றே பரிந்துரைத்தார்கள். கபடியில் தலையும் முட்டியும் மோதும்போது, "தண்ணி ஊத்து, எந்திரிப்பான்" என்ற குரல்தான் முதலில் கேட்கும். நடுவருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

"மாரியப்பன் அப்படி இருந்தும் தங்கம் வாங்கலையா, நீ சுளுக்குக்கு உட்கார்றே"ன்னு கோச் திட்டறாருங்க.

பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து விபத்தில் வலது கால் சிதைந்து, 2016 ரியோ பாராலிம்பிக்கின் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றவர். அவருடைய ஊனம், பல ஆண்டுகளுக்கு முன்பே ஆறி முடிந்த ஒன்று; அதற்கேற்ப உடலைப் பழக்கி அவர் பயிற்சி செய்தார். நேற்று கிழிந்த இணைப்புநாரோடு இன்று ஓடுவதற்கு அவர் உதாரணம் ஆகமாட்டார். பயிற்சியாளரின் ஆதங்கம் புரிகிறது. உதாரணம்தான் இடம் மாறிவிட்டது.

நாளைக்கு ஃபைனல். ஒரே ஒரு ஊசி போட்டுட்டு ஆடிக்கிறேன், சார்.

எது பழுதானது என்று முன்பே தெரிந்து, அது மோசமாகாது என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லும் சில காயங்களில், உதாரணமாக விரல் மூட்டு வீக்கத்தில், வலிநிவாரணியோடு ஆடுவதை நான் தடுப்பதில்லை. உடல் எடையைத் தாங்கும் மூட்டிலும், மயிரிழை முறிவு ஐயத்திலும், குதிகால் தசைநாணிலும் கூடாது. குதிகால் தசைநாணருகே ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு ஓடினால் அது அறுந்துபோகவும் கூடும். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் வகை மாத்திரைகளை வெயிலில் நீர் வற்றிய உடலோடு விழுங்குவது சிறுநீரகத்துக்குக் கேடு. மருந்துக் கடைக்காரர் தரும் பெயரில்லாத 'பெயின் கில்லர் செட்'டில் ஸ்டீராய்டு இருந்தால் ஊக்கமருந்துச் சோதனையிலும் மாட்டிக்கொள்வீர்கள்.

ஆராய்ச்சி ஆராய்ச்சிங்கிறீங்க. எல்லாம் நார்வே, டென்மார்க். நம்ம பசங்களுக்குப் பொருந்துமா?

இத்தனை கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கேட்டவர் ஓர் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். தசையும் இணைப்புநாரும் ஆறும் விதம் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. ஆகவே நார்டிக் பயிற்சியும் இறங்கும் முறையும் இங்கேயும் வேலை செய்யும் என்று நம்ப இடமிருக்கிறது. ஆனால் தரை, வெயில், உணவு, செருப்பு, ஆட்டம் எல்லாம் வேறு. கணுக்காலைப் பிடித்து இழுப்பதே ஆட்டமாக உள்ள கபடிக்கு, கால்பந்துக்காக உருவான தொகுப்பு அப்படியே போதும் என்று நான் சொல்லமாட்டேன்.

வில்லெம் வான் மெக்கலென் என்ற டச்சு ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1992-இல் நான்கு படிகளை வகுத்தார்கள்: எத்தனை காயம் என்று எண்ணுவது, ஏன் வருகிறது என்று பார்ப்பது, தடுப்பு ஒன்றைக் கொண்டுவருவது, மறுபடி எண்ணிப் பார்ப்பது. முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் நாற்பது ரூபாய்க்கு வாங்கும் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். அந்த ஆசிரியருக்கு நான் கோடு போட்டுக் கொடுத்த பத்திகள் இவை: தேதி, ஆட்டம், போட்டியா பயிற்சியா, எந்த நிமிடம், உடலின் எந்த இடம், எந்தப் பக்கம், மோதியதா தானாக வந்ததா, அதே இடத்தில் முன்பு வந்ததுண்டா, எத்தனை நாள் ஆடவில்லை. ஆடாத நாள்களை எண்ணும்போது அடிபட்ட நாளைப் பூஜ்யமாக வைத்து, பிள்ளை முழுப் பயிற்சியிலும் எல்லோரோடும் சேர்ந்து ஈடுபட்ட நாள் வரை எண்ண வேண்டும். ஓரமாக நின்று பந்து எடுத்துக் கொடுத்த நாள்களும் ஆடாத நாள்களே. அன்று ஆடிய மொத்தப் பிள்ளைகள் எத்தனை பேர், எத்தனை நிமிடம் என்பதையும் பக்கத்தின் மேலே குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு காயம் குறைந்ததா, ஆட்டமே குறைந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகும்.